விண்மீனும் முடிச்சும்
இந்து சமுத்திரத்தில் வழியறிந்தோர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கடலிற் செல்லும் கலமொன்று தான் நிற்கும் இடத்தைச் செய்மதிகளின் துணைகொண்டு சில மீற்றர் பிழைக்குள் அறிந்துகொள்ளும் காலம் இது. இதற்கென ஐக்கிய அமெரிக்கா அமைத்த செய்மதித் தொகுதியின் முதலாவது செய்மதி 1978 இல் விண்ணுக்கு அனுப்பப்பட்டது. அத்தொகுதி முழுமையாக இயங்கத் தொடங்கியது 1995 இலாகும். இன்று சிறு மீன்பிடிப் படகுகளிலும் அதற்குரிய கருவி இடம்பெற்றுள்ளது. எனினும், இக்கருவி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே செங்கடலிலிருந்து முசிறிக்கும், சோழமண்டலக் கரையிலிருந்து சுமாத்திராவிற்கும், ஈழத்துத் துறைகளிலிருந்து வங்காள விரிகுடாவின் மறுகரைக்கும் கலங்கள் ஒழுங்காகச் சென்று மீண்டன. கரை மறைந்த நடுக்கடலில் அவற்றைச் செலுத்தியோர் வழியை எவ்வாறு அறிந்தனர் என்பது வரலாற்று மாணவனின் கவனத்தை வேண்டிநிற்கும் வினாவாகும்.

இவ்வினாவிற்கு இருவகையான விடைகள் எளிதாகக் கூறப்பட்டு வந்துள்ளன. கீழைத்தேய மாலுமிகள் கரையை விட்டகலாது ஊர்ந்து சென்றவர்கள். நடுக்கடலிற் காற்றின் தயவை நம்பியிருந்தவர்கள் என்பது ஒன்று. பண்டைத் தமிழர் அறியாத கடற்கலை எதுவுமில்லை என்பது மற்றையது. முன்னையது அறியாமையின் விளைவு. பின்னையது சான்றுக்கு முன்னே ஓடும் பெருமிதத்தின் விளைவு. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டு, எஞ்சியுள்ள சான்றுகளை நோக்குவதே பொருத்தமானது.

பிளினியின் கூற்று

ஈழத்து மாலுமிகளின் வழியறி முறை பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றை உரோம ஆசிரியரான பிளினி தருகின்றார். கி.பி. 77 அளவில் நிறைவுற்ற தமது 'இயற்கை வரலாறு' என்னும் நூலில், தப்ரபேன் தீவின் மாலுமிகள் விண்மீன்களை நோக்குவதில்லை என்றும், அங்கு வடவானின் ஏழு விண்மீன் கூட்டம் தெரிவதேயில்லை என்றும், அவர்கள் பறவைகளை உடன்கொண்டு சென்று அவ்வப்போது பறக்கவிட்டு, அவை செல்லும் திசையிற் கரையை நாடுவர் என்றும் அவர் எழுதுகின்றார். கிளோடியஸ் பேரரசனின் காலத்தில் உரோமுக்குச் சென்ற இத்தீவின் தூதுவர்கள் அவ்வேழு விண்மீன்களையும் கார்த்திகைக் கூட்டத்தையும் கண்டு, புதியதொரு வானத்தைக் கண்டவர்போல வியந்தனர் என்பதும் அவர் கூற்றாகும்.

இக்கூற்று ஆராயத்தக்கது. இலங்கை ஏறத்தாழ வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளது. எழுமீன் எனத் தமிழர் வழங்கிய அக்கூட்டம் பங்குனி, சித்திரை மாதங்களின் முன்னிரவில் இத்தீவின் வடவானில் நன்கு உயர்ந்து தோன்றும். கார்த்திகைக் கூட்டமோ ஏறத்தாழத் தலைக்கு மேலாகவே செல்வது. முருக வழிபாட்டோடு இணைந்தது. கமக்காரனும் கடற்றொழிலாளியும் ஒருங்கே அறிந்தது. அதனை ஈழத்துத் தூதுவர் உரோமிலேதான் முதன்முதலிற் கண்டனர் என்பது பொருந்தாது. மொழிபெயர்ப்பாளரின் தவறோ, தொலைதேசத்தின் வானமும் வேறாகவே இருக்கும் என்ற முற்கோளோ இவ்வழுவிற்குக் காரணமாயிருத்தல் கூடும்.

ஆயினும் பிளினியின் குறிப்பு முழுவதும் தள்ளத்தக்கதன்று. பறவை பற்றிய செய்தி உண்மையே. தீக நிகாயத்தின் கேவத்த சுத்தத்திலும் கரை காணும் பறவையைக் கலத்திற் கொண்டுசென்ற வணிகர் உவமையாகக் கூறப்படுகின்றனர். கரை தெரியின் பறவை அத்திசையிற் செல்லும். தெரியாவிடின் கலத்திற்கே மீளும். உயரத்திற் பறப்பதன் கண்ணுக்கு, கலத்தின் மேற்றளத்தில் நிற்பவன் காணாத தொலைவு தெரியும் என்பதே இதன் அடிப்படை. மேலும், இத்தீவுக்கும் இந்தியாவிற்கும் இடைப்பட்ட கடல் ஆழங் குறைந்தது என்பதையும், ஒடுங்கிய கால்வாய்களிற் கலத்தைத் திருப்பாமலே மீளுதற்காக இரு முனையிலும் அணியம் அமைக்கப்பட்டது என்பதையும், கோடை நடுவின் பின்வரும் நூறு நாள்களை மாலுமிகள் தவிர்த்தனர் என்பதையும் பிளினியே கூறுகின்றார். அந்நூறு நாள்கள் தென்மேல் பருவக்காற்று மும்முரமாக வீசும் காலமாகும். விண்ணை அறியாதவர் எனத் தாம் கூறிய மக்களே காற்றின் நாட்கணக்கை அறிந்திருந்தனர் என்பதற்குப் பிளினி தம்மையறியாமலே சான்று தருகின்றார்.

காற்றின் கணக்கு

இந்து சமுத்திரத்தின் வழியறிவு காற்றிலிருந்தே தொடங்குகின்றது. அத்திலாந்திக் கடலில் இல்லாத ஒரு வசதி இங்குண்டு. ஆண்டில் ஒரு பாதியிற் காற்றுத் தென்மேற்கிலிருந்தும், மறுபாதியில் வடகிழக்கிலிருந்தும் வீசுகின்றது. எனவே எத்திசையிற் செல்வது என்ற வினாவும் எந்நாளிற் செல்வது என்ற வினாவும் இங்கு ஒன்றோடொன்று பிணைந்தவை. ஈழத்துக் கரையோர மக்கள் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எனக் காற்றை அது வரும் திசையால் வேறுபடுத்திப் பெயரிட்டமை வெறும் சொல்வளமன்று. அது ஒரு திசைக் கணக்கு. இருண்ட இரவிலும் காற்றுப் படும் கன்னத்தையும், அலை கலத்தைத் தூக்கும் முறையையும் கொண்டு சுக்கான் பிடிப்பவன் திசை தவறாதிருத்தல் இயலும். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றைத் தன் ஏவல்வழிப் படுத்தியவன் எனப் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் பாடியிருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அது புலவர் புனைவாயினும், கலஞ் செலுத்துதலின் உயிர்நாடி காற்றே என்ற உணர்வு அச்சமுதாயத்தில் இருந்தமையை அது காட்டுகின்றது.

மேலைத்தேய நூல்கள் இக்காற்றின் 'கண்டுபிடிப்பை' இப்பலஸ் என்ற கிரேக்க மாலுமிக்கு உரியதாக்குகின்றன. கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுந்த 'எரித்திரியக் கடற் பெரிப்புளூஸ்' அவ்வாறே கூறுகின்றது. ஆனால், அதற்கும் முற்பட்ட ஒரு நிகழ்ச்சியை ஸ்திராபோ பதிவு செய்துள்ளார். எகிப்தின் தொலமி மன்னனொருவன் காலத்தில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செங்கடற் பக்கத்தில் உயிர் ஊசலாடிய நிலையில் இந்திய மாலுமியொருவன் மீட்கப்பட்டான். கிரேக்கம் கற்பிக்கப்பட்ட அவன் இந்தியாவிற்குரிய வழியைக் காட்ட, கிசிக்கஸ் நகரத்து இயுடோக்சஸ் அவ்வழியிற் சென்று மீண்டான். வழியிற் சென்றவனின் பெயரும் ஊரும் நிலைத்துவிட்டன. வழிகாட்டியவனின் பெயரையோ ஸ்திராபோ குறிப்பிடவில்லை. இவ்வேறுபாடு பின்னரும் தொடர்வதைக் காணலாம்.

விண்மீன் உயரம்

காற்றுத் திசையைத் தரும். ஆனால் இடத்தைத் தராது. வடக்குத் தெற்காகக் கலம் எவ்வளவு நகர்ந்துள்ளது என்பதை வானமே கூறவல்லது. வானத்தின் வடதுருவம் ஓரிடத்தில் எத்தனை பாகை உயரத்திற் காணப்படுகின்றதோ, அவ்விடம் அத்தனை பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. பருத்தித்துறையில் அது ஏறத்தாழப் பத்துப் பாகை. இரங்கூனில் ஏறத்தாழப் பதினேழு பாகை. ஆகவே, இரங்கூனிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்றில் மீளும் கலமொன்றில் இருப்பவனுக்குத் துருவ விண்மீன் இரவுக்கிரவு தாழ்ந்துகொண்டே வரும். தன் துறைக்குரிய உயரத்திற்கு அது தாழ்ந்ததும், அந்த உயரம் மாறாதவாறு நேர் மேற்காகச் செலுத்தின் அவன் தன் கரையை அடைவான். நெடுங்கோட்டை அளக்கும் வழி பதினெட்டாம் நூற்றாண்டுவரை ஐரோப்பியரிடமும் திருப்திகரமாக இருக்கவில்லை. எனவே உரிய அகலக்கோட்டைப் பிடித்து அதன்வழி ஓடும் இம்முறையே உலகெங்கும் நெடுங்கடற் பயணத்தின் அடிப்படையாயிற்று.

இம்முறையை எழுத்தில் விரிவாகத் தந்தவர்கள் அராபிய மாலுமிகளாவர். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த இபின் மாஜித், பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியினரான சுலைமான் அல் மஹ்ரி ஆகியோர் இவருட் சிறந்தோர். அவர்கள் விண்மீன் உயரத்தை 'விரல்' என்னும் அளவையாற் குறித்தனர். வட்டம் முழுவதும் 224 விரல். ஒரு விரல் ஏறத்தாழ ஒரு பாகையும் 36 கலையும் ஆகும். மூன்று மணிநேர ஓட்டம் ஒரு 'ஸாம்'. நேர் வடக்காக எட்டு ஸாம் ஓடினால் விண்மீன் ஒரு விரல் உயரும். அதாவது, ஒரு பகலும் ஓர் இரவும் ஓடிய ஓட்டத்திற்கு ஒரு விரல். தமிழ் வழக்கிலும் ஒரு நாளுக்கு எட்டுச் சாமம் என்பது ஒப்புநோக்கத்தக்கது. தொலைவும் காலமும் வானத்தின் உயரமும் ஒரே கணக்கில் அடங்கும் இவ்வமைப்பு, கையாலும் நினைவாலும் கையாளுவதற்கென வகுக்கப்பட்டது. திசைகளையும் அவர்கள் விண்மீன்கள் உதிக்கும், மறையும் இடங்களைக் கொண்டு 32 ஆகப் பகுத்தனர்.

இதிலொரு சிக்கல் இருந்தது. இன்று துருவ விண்மீன் உண்மைத் துருவத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாகவே விலகியுள்ளது. 1500 ஆம் ஆண்டளவில் அவ்விலகல் ஏறத்தாழ மூன்றரைப் பாகை. அதனைக் கவனியாது அளந்தவன் தன் இடத்தை இருநூறு கடல்மைல் வரை தவறாகக் கணித்திருப்பான். மாலுமிகள் இதனை நன்கறிந்திருந்தனர். எந்தச் சந்திர நட்சத்திரம் உச்சங் கொள்ளும் வேளையில் அளவெடுக்கப்பட்டதோ, அதற்கேற்ற திருத்தம் செய்யும் முறையை இபின் மாஜித் விளக்கியுள்ளார். சோழ மாலுமிகளின் அளவை மரபையும் அராபியக் கடல்நூல்கள் அறிந்திருந்தன என்பது தமிழ் மாணவர் மனங்கொள்ளத்தக்கது. தமிழ்க் கடலோடிகள் தமக்கெனக் கணக்கு உடையவராய் இருந்தமைக்குப் பிறமொழியார் தந்த சான்று அது.

எனினும் இவ்வறிவிற்கு எல்லை இருந்தது. சீனத் துறவியான பாகியன் இலங்கையில் இரண்டு ஆண்டு தங்கியபின், கி.பி. 411 அளவில் இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்ட கலமொன்றில் இங்கிருந்து புறப்பட்டார். ஞாயிறு, திங்கள், விண்மீன் ஆகியவற்றை நோக்கியே கலம் முன்செல்லும் என்றும், மழையிருளில் அது காற்றின் வழியே அடித்துச் செல்லப்படும் என்றும் அவர் எழுதியுள்ளார். கிழக்கும் மேற்கும் தெரியாத கடலில் ஏற்பட்ட அச்சம் அவர் குறிப்பிலே தெளிவாகின்றது. வானம் மூடினால் நூல் மூடியதற்குச் சமம். அந்நூலைப் படிக்கத் தெரிந்தவனும் அப்போது காத்திருப்பதைத் தவிர வேறு செய்ய இயலாதவனானான்.

பலகையும் கயிறும்

விண்மீன் உயரத்தை அளக்கப் பயன்பட்ட கருவி மிக எளியது. ஒரு சிறு மரப்பலகை அல்லது கொம்புத் துண்டு. அதன் நடுவிற் கோத்த கயிறு. கயிற்றிற் சில முடிச்சுகள். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு விண்மீனையும் தொடுமாறு அது கண்ணுக்கு முன்னே பிடிக்கப்படும். கயிற்றின் முடிச்சொன்று பற்களுக்கிடையே கவ்வப்பட்டிருக்கும். பலகை கண்ணுக்கு அண்மையில் இருந்தால் உயர்ந்த கோணத்தையும், தொலைவில் இருந்தால் தாழ்ந்த கோணத்தையும் அளக்கும். எனவே ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வோர் அகலக்கோட்டிற்கு உரியதாகும். அராபியர் இதனைக் 'கமால்' என்றனர். தமிழ்க் கடலோடிகளின் வழக்கில் இது இராப்பலகை எனப்பட்டது.

அசோகனின் பிராமிச் சாசனங்களைப் படித்தறிந்தவராகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பிரின்செப், 1836 இல் இக்கருவி பற்றி எழுதினார். 1850 இல் கொங்கிரீவ் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, சோழமண்டலக் கரையின் சுதேச மாலுமிகள் இதே வகைக் கருவியைக் கையாண்டதைச் சென்னையில் வெளிவந்த ஆய்விதழொன்றில் விவரித்தார். அவர்கள் கயிற்றில் எண் எழுதவில்லை. தாம் செல்லும் துறைகளுக்கேற்ப முடிச்சிட்டிருந்தனர். இது சிந்திக்கத்தக்கது. ஐரோப்பியக் கருவி பாகையை அளந்து, பின் அட்டவணையைப் பார்த்து, படத்தில் இடத்தைக் குறித்தது. முடிச்சிட்ட கயிறோ அளவுகோலும் அட்டவணையும் படமும் ஒன்றாயிருந்தது. எழுத்தறியாதவனும் இருளில் விரலால் தடவித் தன் துறையை அறியலாம். ஒருவன் முடிச்சிட்ட கயிறு அவன் சென்ற துறைகளின் வரலாறுமாகும். ஆனால் கயிறு உக்கும் தன்மையது. ஓலையைப் போல அது படியெடுக்கப்படவுமில்லை.

கரையை நெருங்கும் வேளையில் வேறு குறிகள் துணைசெய்தன. கடல்நீரின் நிற மாற்றமும், மிதந்துவரும் கடற்பாம்புகளும் இந்தியக் கரை அண்மித்ததைக் காட்டும் எனப் பெரிப்புளூஸ் கூறுகின்றது. அடியிற் கொழுப்புப் பூசிய ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி, ஆழத்தோடு அடிமண்ணின் தன்மையையும் அறிவது மாலுமிகளின் பொதுவழக்கு. பெரும்பாணாற்றுப்படையும் சிலப்பதிகாரமும் கலங்களை அழைக்கும் விளக்கம் பற்றிப் பேசுகின்றன. கடற்றொழிலாளர் கோபுரமொன்றும் பனையொன்றும் ஒரே நேர்கோட்டில் வருவதையும், வேறிரு குறிகள் வேறொரு கோட்டில் வருவதையும் கண்டு, அவ்விரு கோடுகளும் வெட்டும் இடத்தில் வலையிடுவர். இது கேத்திரகணிதமே, கரும்பலகையிற் கற்பிக்கப்படாத கேத்திரகணிதம்.

இத்தனை இருந்தும் கலங்கள் உடைந்தன. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) நயினாதீவுத் தமிழ்ச் சாசனம் இதற்கு நேரிய சான்றாகும். ஊராத்துறையில் யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடையின் காற்பங்கு அரச பண்டாரத்திற்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியது. ஏனைய சரக்குக் கலமாயின் செம்பாதி என அது விதிக்கின்றது. விபத்து அருமையாக நிகழ்ந்திருப்பின் அதற்கெனக் கல்லில் விதி பொறிக்க வேண்டியதில்லை. அதேவேளை, அபாயமிருந்தும் கலங்கள் தொடர்ந்து வந்தன. அவை வரவேண்டும் என அரசும் விரும்பிற்று. வழியறிவு அபாயத்தை அகற்றவில்லை. ஏற்றுக்கொள்ளத்தக்க அளவிற்குக் குறைத்தது. வரலாற்றில் அதன் உண்மையான இடம் இதுவே.

மலிந்தியின் வழிகாட்டி

இவ்வறிவின் பெறுமதியை 1498 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று துலக்கமாகக் காட்டுகின்றது. வஸ்கொடகாமா அவ்வாண்டு ஏப்பிரல் 24 இல் ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள மலிந்தியிலிருந்து, அங்கு பெற்ற வழிகாட்டி ஒருவனுடன் புறப்பட்டு, மே 20 இல் கள்ளிக்கோட்டைக்கு அண்மையில் நங்கூரமிட்டான். இருபத்தாறு நாள்களிற் கடல் கடக்கப்பட்டது. போர்த்துக்கேய வரலாற்றாசிரியரான பரோஸ், காமா பெருமையோடு காட்டிய வானளவைக் கருவியைக் கண்டு அவ்வழிகாட்டி சிறிதும் வியக்கவில்லை என்கின்றார். தம்மவரும் பலகைக் கருவியால் அளப்பதுண்டு என அவன் விடையிறுத்தானாம்.

மீளும் பயணம் வேறாயிற்று. காமா வடகீழ்ப் பருவக்காற்று நிலைபெறுவதற்கு முன்னரே, ஒக்டோபர் 5 இல் அஞ்சதீவிலிருந்து புறப்பட்டான். காற்றோய்வும் எதிர்க்காற்றும் கலங்களைத் தடுத்தன. 1499 ஜனவரி 2 இலேயே ஆபிரிக்கக் கரை தெரிந்தது. அம்மூன்று மாதங்களில் முப்பதுபேர் நோயுற்று மாண்டனர். எஞ்சியோர் மூன்று கலங்களைச் செலுத்தப் போதாமையால் ஒரு கலம் எரிக்கப்பட்டது. கலங்களும் கருவிகளும் அவையே, கடலும் அதுவே. வேறுபட்டது நாள் அறிவு ஒன்றுதான். கருவி எவ்வளவு சிறந்ததாயினும், அது பயன்படும் கடலின் இயல்பை அறியாதவனுக்கு முழுத்துணை ஆகாது என்ற உண்மை முப்பது உயிர்களால் எழுதப்பட்டது.

அவ்வழிகாட்டி யார்? அவன் இபின் மாஜித்தே எனப் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி அராபிய நூலொன்றை அடிப்படையாகக் கொண்டு நெடுங்காலம் கூறப்பட்டது. இபின் மாஜித்தின் கடல்நூலை 1971 இல் ஆங்கிலத்தில் ஆராய்ந்து வெளியிட்ட ஜி. ஆர். திபெற்ஸ் போன்றோர் இதனை ஏற்கவில்லை. போர்த்துக்கேயச் சான்றுகள் அவனைக் குஜராத்தி என்கின்றன. 'மலெமோ கனா' எனப் பெயருஞ் சுட்டுகின்றன. ஆனால் அது பெயரன்று என்பது ஆய்வாளர் கருத்து. 'முஅல்லிம்' எனும் அரபுச் சொல் ஆசானைக் குறிக்கும். 'கணக' எனும் வடசொல் கணிப்பவனைக் குறிக்கும். போர்த்துக்கேயர் எழுதிவைத்தது ஒரு மனிதனின் பெயரையன்று, அவன் தொழிலையே. செங்கடற் பக்கத்தில் மீட்கப்பட்ட இந்தியனுக்கு நேர்ந்ததே, ஆயிரத்தறுநூறு ஆண்டுகளின் பின் மலிந்தியின் மாலுமிக்கும் நேர்ந்தது.

எழுதப்படாத அறிவு

இங்குக் கவனிக்கப்பட வேண்டியது பெயர் மறைந்த துயரம் மட்டுமன்று. வரலாற்று முறைமை பற்றிய ஒரு வினாவுமாகும். அராபிய மரபுக்கு இபின் மாஜித் போன்றோரின் நூல்கள் எஞ்சியமையால் அது அறிவியலாக மதிக்கப்படுகின்றது. 1025 இல் முதலாம் இராசேந்திரனின் படையைக் கடாரத்திற்கு இட்டுச் சென்ற மாலுமிகளின் கணக்கோ அம்மன்னனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறவில்லை. மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை அடுக்கிக் கூறும். அவ்வூர்களுக்கு வழியறிந்தவனைக் கூறாது. எழுதப்படாமை இல்லாமைக்குச் சான்றன்று. ஆயின், எழுதப்படாததை இருந்ததாகக் கற்பித்துரைப்பதும் ஆய்வாகாது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒரே நேர்மையான வழி, எஞ்சியிருப்பதைத் தேடிப் பதிவதாகும்.

எஞ்சியிருப்பது விரைந்து குறைகின்றது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938 இல் ஐக்கிய அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பலின் புகழ் நிலைத்தது. அத்தகைய கப்பல்களைப் பர்மாவிற்கும் சோழமண்டலக் கரைக்கும் ஓட்டிய தண்டையல்மாரின் கணக்கு அந்த அளவிற் பதிவாகவில்லை. பாய்க்கப்பல் வாணிகம் நின்றபின்னரும் கரையோரக் கடற்றொழிலாளரிடம் அவ்வறிவின் கூறுகள் நிலவின. ஆனால், 1980 களிலிருந்து போர்க்காலக் கடற்றடைகள் தந்தையையும் மகனையும் ஒருங்கே கடலுக்குச் செல்லவிடாது தடுத்தன. இடப்பெயர்வுகள் ஊரையும் கரைக்குறிகளையும் பிரித்தன. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முதியோரையும் கொண்டுசென்றது. அதன்பின் செய்மதிக் கருவி வந்தது.

அக்கருவி வரவேற்கத்தக்கதே. வானம் மூடிய இரவிலும் அது வழிகாட்டும். பாகியன் அஞ்சிய இருளில் அது உயிரைக் காக்கும். 1974, 1976 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கடலில் வரைந்த எல்லைக்கு அலையிலோ விண்மீனிலோ குறியில்லை. அதனை அறியவும் இன்று அக்கருவியே வேண்டும். ஆனால் அது பழுதுறலாம். அதன் சமிக்ஞை குழப்பப்படலாம். இவ்வச்சத்தினாலேயே ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, தான் கைவிட்ட விண்மீன்வழிக் கல்வியை 2015 இல் மீண்டும் தொடங்கிற்று. செய்மதிகளை ஏவிய நாடே விண்மீனுக்கு மீண்டது. அந்நாட்டிற்கு மீளுதற்கு நூல்கள் இருந்தன. ஈழத்துக் கடலோடியின் அறிவோ இன்னும் சில முதியோரின் நினைவிலேயே தங்கியுள்ளது.

காற்றின் பெயர்கள், வெள்ளிகளின் பெயர்கள், கரைக்குறிகள், அலையின் குணங்கள் ஆகியவற்றை ஊர்தோறும் சென்று கேட்டு எழுதுவது பெருஞ்செலவு வேண்டும் பணியன்று. கரையோரக் கிராமங்களிலிருந்து வரும் பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் தம் வீட்டுத் திண்ணையிலேயே அதனைத் தொடங்கலாம். அவ்வாறு எழுதும்போது சொன்னவரின் பெயரையும், அவரது இசைவுடன், எழுதிவைத்தல் வேண்டும். வழிகாட்டியவனைப் பெயரின்றி விட்ட வரலாறு ஈராயிரம் ஆண்டு நீண்டுவிட்டது. அது இனியும் தொடரவேண்டியதில்லை.